பூர்ணியின் விக்கல்

படம் தொடங்கி மூன்று நிமிடம் இருபது நொடியில் அந்தப் பெண் வாயைத் திறப்பாள் என்பது கிருபாவதிக்குத் தெரியும். ஊட்டிப் பனி விலகும், பள்ளிக்கூட மெஸ்ஸில் மணி அடிக்கும், பச்சை ஸ்வெட்டர் போட்ட பூர்ணி தன் தட்டைக் குனிந்து பார்ப்பாள், நிமிர்வாள், ஒரு மூச்சு இழுப்பாள், "யாரும் அசையாதீங்க! என் முட்டையைக் காணோம்!" என்று கத்துவாள். பத்து வருஷத்துக்கு முன்னால் அந்த மூச்சும் அந்தக் கத்தலும் கிருபாவதியின் நெஞ்சிலிருந்து கிளம்பியவை. அப்போது அவளுக்கு முப்பத்து நான்கு வயது, பூர்ணிக்குப் பதினாறு. இதை அவள் யாரிடமும் சொல்வதில்லை. சொல்லாமல் இருந்து, அவர்களுக்குத் தானாகத் தெரியவந்து, வாயைப் பிளப்பதைப் பார்ப்பதில்தான் ருசி. காலையில் பரக்கத் சார் டிஸ்க்கைக் கையில் கொடுத்தபோதும் கமுக்கமாகத்தான் இருந்தாள். "'பின்பெஞ்சு உளவாளி' மேடம், பத்தாவது வருஷ ஸ்பெஷல். ரெண்டு மணிக்கு ஃபேக்டரிக்குப் போயாகணும், ஒரு மணிக்குள்ள ஷீட்டைக் குடுத்துடுங்க" என்றார் மேனேஜர். அதோடு விடவில்லை. "எங்க வீட்ல பொண்ணு அப்ப நாலாவது. இதைப் பாத்துட்டு ஒரு வருஷம் விக்கிக்கிட்டே திரிஞ்சா. பொய் சொன்னா விக்கல், ஹோம்வொர்க் எழுதலன்னா விக்கல். அவங்க அம்மா பயந்துபோய் ஓதிப் பாக்கக் கூட்டிட்டுப் போயிட்டாங்க." கிருபாவதி சிரித்தாள், வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கென்று புதுச் சுங்குடி கட்டிக்கொண்டு வந்திருந்தாள். நெருங்கின சொந்தத்தைப் பார்க்கப் போகும்போது கட்டுகிற மாதிரி. சாலிகிராமத்து மூன்றாம் மாடியில், திரை போட்ட அறையில், தனியாக உட்கார்ந்து டிவி பார்ப்பதற்கு யார் சுங்குடி கட்டுவார்கள், அவள்தான் கட்டுவாள்.

டிஸ்க்கைச் சரிபார்க்கிற இந்த வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. முதல் ஓட்டத்தில் படத்தை நிறுத்தக்கூடாது, பின்னால் போகக்கூடாது. டிஸ்க்கைக் காசு கொடுத்து வாங்குகிறவன் வீட்டில் எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்க்க வேண்டும். குறை கண்ணில் பட்டால், காதில் பட்டால், மூலையில் ஓடும் நேரத்தை மட்டும் ஷீட்டின் இடது பத்தியில் குறித்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கவேண்டும். என்ன குறை, எவ்வளவு பெரிய குறை என்பதெல்லாம் முடிந்த பிறகு வலது பத்தியில். 'அ' போட்டால் டிஸ்க் ஃபேக்டரிக்குப் போகாது. நான்கு வருஷமாக அவள் கை இதற்குப் பழகிவிட்டது, மனசு எங்கே மேய்ந்தாலும் கை தன் பாட்டுக்கு எழுதும். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டாள். எழுத்து ஓடியது. இரண்டு நிமிடம் முப்பத்தெட்டில் அவள் பெயர் வரும், 'பூர்ணிக்குக் குரல்: கிருபாவதி', சாக்பீஸ் எழுத்தில், கரும்பலகையில், இரண்டே நொடி. தியேட்டரில் முதல் நாள் அதற்காகவே கண்ணைச் சிமிட்டாமல் உட்கார்ந்து, கண்ணீர் வந்து, கடைசியில் அந்த இரண்டு நொடியும் மங்கலாகத்தான் தெரிந்தது. இன்றைக்கும் தப்பிவிட்டது. கரும்பலகை வந்தது, கேமராமேன் வந்தார், சண்டைப் பயிற்சியாளர் வந்தார், அவள் வரவில்லை. ஷீட்டில் தேதி போடக் குனிந்தேனே, அப்போது போயிருக்கும், என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கை மட்டும் 2:38 என்று எழுதிவைத்தது.

மெஸ் வந்தது. தட்டு வந்தது. பூர்ணி நிமிர்ந்தாள். மூச்சு கேட்டது, அதோடு சேர்ந்து கிருபாவதியின் நெஞ்சும் எழும்பியது, டப்பிங் பேசியவர்களுக்கு இந்த வியாதி போகாது, திரையில் உதடு பிரிகிறதற்கு அரை நொடி முன்னால் உள்ளே காற்று போய்விடும். ஆனால் அந்தக் காற்றின்மேல் ஏறி வந்தது வேறு ஒரு குரல். "யாரும் அசையாதீங்க. என் முட்டையைக் காணோம்." அசையாமல் இருந்தவள் கிருபாவதிதான். தெலுங்கு டிராக்கைப் போட்டுவிட்டோமா? இல்லை, தமிழ்தான் பேசுகிறார்கள். ஹெட்ஃபோனில் கோளாறா? மெஸ்ஸில் கரண்டி விழுவது துல்லியமாகக் கேட்கிறதே. அடுத்த வரி, அதற்கடுத்த வரி. நல்ல குரல். இல்லையென்று சொல்லக்கூடாது. சுத்தமான, பார்த்துப் பார்த்துப் பேசுகிற, முப்பதை எட்டப்போகிற ஒரு பொம்பளையின் குரல், ஸ்வெட்டர் போட்ட குழந்தையின் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஏழெட்டு வரி போனபிறகுதான் ஆள் பிடிபட்டது. தேஜல். பூர்ணியாக நடித்தவளே. டிவிப் பேட்டிகளில் "நான் தமிழ் பேச்றேன்" என்று தொடங்கி ஊரையே கைதட்டவைத்து, பிறகு உண்மையாகவே கற்றுக்கொண்டுவிட்டாள். இன்றைக்கு அவள் பேசாத விளம்பரம் இல்லை. படத்தில் அவள் முகம், அவள் உதடு, அவள் குரல். இதில் நியாயம் கேட்க என்ன இருக்கிறது? இடது பத்தியில் கை 3:20, 3:31, 3:44 என்று எழுதிக்கொண்டே போனது.

அந்த உதட்டுக்குக் கிருபாவதி பட்ட பாடு. ஷூட்டிங்கில் தேஜலுக்குத் தமிழில் ஒரு எழுத்து தெரியாது, பதினாறு வயதுப் பெண், எழுதிக்கொடுத்த வசனம் நீளமாக இருந்தால் முகத்தை அழகாக வைத்துக்கொண்டு ஒன்று இரண்டு மூன்று என்று இந்தியில் எண்ணிவிடுவாள். "வார்டன் ரூம்ல கொஸ்டின் பேப்பர் இருக்கு, சத்தம் போடாம வாங்க" என்று சொல்லவேண்டிய இடத்தில் அவள் ஏழிலிருந்து பதினொன்றுவரை எண்ணியிருந்தாள். ஏழுக்கும் பதினொன்றுக்கும் பொருந்துகிற மாதிரித் தமிழைத் தேடி, வார்டனை மேடம் ஆக்கி, சத்தத்தை மூச் ஆக்கி, எதை எங்கே இழுத்தால் உதடு மூடும் என்று பார்த்துப் பார்த்து, அந்தப் படத்தில் பாதி வசனம் டப்பிங் தியேட்டரில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் துரைக்கண்ணு அண்ணனும் சேர்ந்து எழுதியது. சவுண்ட் இன்ஜினியர் துரைக்கண்ணு. இருபது வருஷமாக அவருக்கு முன்னால்தான் அவள் அழுதாள், சிரித்தாள், பிள்ளை பெற்றாள், கிணற்றில் விழுந்தாள், மைக்கின் முன் ஒரு பெண் என்னென்ன செய்யவேண்டுமோ அத்தனையும். வீட்டில் அவள் உரக்கப் பேசினாலே புருஷன் பக்கத்து வீட்டைக் காட்டி ஜாடை செய்கிறவர். துரைண்ணன் மட்டும் "இன்னும் கத்து கிருபா, நான் இருக்கேன்" என்பார். அப்படியானால் இது அண்ணனுக்குத் தெரியாமல் நடந்திருக்குமா? தெரியாமல் நடந்திருக்கும். பாம்பேயில் யாராவது செய்திருப்பார்கள். ஆனால் இந்த சவுண்டைப் பிரித்துச் சேர்க்க ஒரிஜினல் டேப் வேண்டுமே. டேப் யாரிடம் இருக்கிறது? அந்த நினைப்பு வந்த இடத்தில் அவள் நின்றுவிட்டாள். திரையில் மூன்று பிள்ளைகள் ஜாமெட்ரி பாக்ஸுக்குள் வாக்கிடாக்கியைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள், வேடிக்கையான காட்சி, முன்பு தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது.

டேப் அண்ணனின் அலமாரியில் இருக்கிறது. பச்சைப் பெயின்ட் அடித்த இரும்பு அலமாரி. அவள் தொண்டையில் முடிச்சு வந்து, ஆபரேஷன் செய்து, பதினைந்து நாள் பேசக்கூடாது என்று சிலேட்டில் எழுதிக்காட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். பதினாறாம் நாள் அவள் வாயைத் திறந்து, வந்த சத்தத்தைக் கேட்டு, மறுபடி மூடிக்கொண்டாள். தேங்காய் துருவுகிற மாதிரி ஒரு கரகரப்பு. இன்றுவரை அதுதான். ஃபோனை எடுத்தால் எதிர்முனையில் "சார்" என்கிறார்கள். அன்றைக்கு அண்ணன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார்: "உன் குரல் எங்கயும் போயிடல கிருபா. என் அலமாரில இருக்கு. என் கண்ணு மூடுற வரைக்கும் ஒருத்தன் தொட முடியாது." இந்தச் செக்கிங் வேலையை வாங்கிக்கொடுத்ததும் அவர்தான். "உன் காது மாதிரி காது இந்த ஊர்ல கிடையாது" என்று பரக்கத் சாரிடம் சொல்லி உட்காரவைத்தார். மற்ற படங்களில் அவள் ஒரு சீன், இரண்டு சீன், யார் வாயிலோ கலந்து போனாள். முழுசாக ஒரு பெண்ணாக அவள் இருந்தது இந்த ஒரு படத்தில். தொண்டை போனபிறகு அவளுக்குத் துக்கம் வந்தால் இந்தப் படம் டிவியில் எப்போது வருகிறது என்று பார்ப்பாள். வந்தால் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டே ரசம் வைப்பாள், பார்க்கக்கூட மாட்டாள், நான் அங்கே இருக்கிறேன், நன்றாக இருக்கிறேன் என்று ஒரு நிம்மதி. இனி கடையில் கிடைப்பது இது. டிவிக்காரனும் இதைத்தான் வாங்கிப் போடுவான். ரெண்டு மணிக்கு ஃபேக்டரி.

இருபத்தாறாம் நிமிடம். வார்டன் முன்னால் பூர்ணி நிற்கிறாள். "ராத்திரி ரூமைவிட்டு வெளிய போனியா?" "இல்ல மேடம்" என்கிறாள் தேஜலின் குரலில். உடனே, விக். கிருபாவதிக்கு உடம்பு தூக்கிவாரிப்போட்டது. அது அவளுடையது. அட, அது அவளுடையதேதான். வேறு யாருக்கும் அந்த விக்கல் வராது, மேலே போய்க் கடைசியில் ஒரு சின்ன எலி கத்துகிற மாதிரி முடியும். கதையில் விக்கலே கிடையாது. டப்பிங் நடந்த மூன்றாம் நாள் மத்தியானம் அண்ணன் வாங்கிவந்த மிளகாய் பஜ்ஜியைத் தண்ணி இல்லாமல் தின்றுவிட்டு மைக் முன்னால் நின்று "இல்ல மேடம்" என்றாள், கூடவே வந்துவிட்டது. ஸாரிண்ணே, இன்னொரு டேக், என்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "இருக்கட்டும் விடு. இந்தப் பொண்ணு பொய் சொன்னா விக்கல் வரும், அவ்ளோதான்." டைரக்டரைக் கூப்பிட்டுக் கேட்கவைத்து, பூர்ணி பொய் சொல்கிற பதினான்கு இடத்திலும், முதுகு காட்டுகிற இடம், வாயைப் பொத்துகிற இடமாகப் பார்த்துச் செருகினார்கள். பதினான்கு விக்கலை அவள் தண்ணியே குடிக்காமல் நின்று கொடுத்தாள். அது தமிழ்நாடு முழுக்கப் பரவியது. ஆட்டோவில் போகிற பிள்ளைகள் விக்கின, பட்டிமன்றத்தில் நடுவர் விக்கினார். சொல்லப்போனால் படம் ஓடியதே அதில்தான்.

அதற்குப் பிறகுதான் அவள் சரியாகக் கேட்கத் தொடங்கினாள். மூச்சு. பூர்ணி ஓடும்போது இரைக்கிறதே, அது அவள் இரைப்பு. சன்னலில் ஏறும்போது முக்குவது, பல்லி விழுந்ததும் 'ஹ' என்பது, தூக்கத்தில் முனகுவது, முட்டையை வாயில் திணித்துக்கொண்டு 'ம்ம்' என்பது, எல்லாம் அவளே. வசனம் பேசி முடித்தபின் படத்தை மறுபடி ஓடவிட்டுப் பேச்சில்லாத சத்தங்களை மட்டும் தனியாகக் கொடுப்பார்கள், ரியாக்ஷன் என்று பெயர், தனி டிராக். பேச்சை எடுத்துவிட்டு அந்த டிராக்கை அப்படியே விட்டிருக்கிறார்கள். விட்டிருக்கிறார்களா, விட்டிருக்கிறாரா? அவளுக்குச் சட்டென்று நெஞ்சு இளகிவிட்டது. அண்ணன்தான். வேறு யார். தயாரிப்பாளர் கழுத்தைப் பிடித்திருப்பார், பெரிய நடிகை, பெரிய வியாபாரம், அண்ணனால் முடியாது என்று சொல்ல முடிந்திருக்காது, பேச்சைக் கொடுத்துவிட்டார், மூச்சை யாருக்கும் சொல்லாமல் ஒளித்துவைத்துக்கொண்டார். கிருபா கேட்பாள், கிருபாவுக்கு மட்டும் தெரியும் என்று. அதனால்தான் இந்த டிஸ்க் வேறு செக்கரிடம் போகாமல் என்னிடம் வந்திருக்கிறது. நாலு நிமிடம், ஐந்து நிமிடம் அவள் சந்தோஷமாகவே இருந்தாள், ஏமாந்தவளுக்குக் கிடைக்கிற சந்தோஷம், அது எவ்வளவு பெரிசாக இருக்கிறது. பூர்ணி நடக்க அவள் மூச்சுவிட்டாள். பூர்ணி பேசும்போது அவள் ஒதுங்கி நின்று, முடித்ததும் மறுபடி உள்ளே போனாள். சரி, இப்படி இருந்துவிட்டுப் போகிறேன், என்றுகூட நினைத்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

'இடைவேளை' என்று எழுத்து வந்தபோது ஃபோன் அதிர்ந்தது. படம் ஓடுகையில் எடுக்கக்கூடாது. ஆனால் துரைண்ணன் என்று வந்ததால் ஒரு காதிலிருந்து ஹெட்ஃபோனைத் தள்ளிவிட்டு எடுத்தாள். "கிருபா, பாத்துட்டிருக்கியாம்மா?" "பாத்துட்டிருக்கேண்ணே." அவர் இருமினார். "உன்கிட்ட முன்னாடியே சொல்லணும்னு நினைச்சேன், தோது வரல. தப்பா எடுத்துக்காத." "இல்லண்ணே, புரியுது." புரிந்ததாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் குரல் லேசாகிவிட்டது. "அதானே, நீ புரிஞ்சிப்பேன்னு எனக்குத் தெரியும். அந்தப் பொண்ணு ரெண்டு நாள்தான் டேட் குடுத்துச்சு. வசனத்தை முடிக்கவே சரியா போச்சு, ரியாக்ஷன் குடுக்க நேரமில்ல. அதான் உன்னுதையே ஓட்டிட்டேன். மூச்சுல யாருக்குத் தெரியப்போகுது? ஆனா எங்கயாச்சும் ஒட்டாம துருத்திக்கிட்டு நின்னா உன் காதுக்குத்தான் தெரியும். அதனாலதான் உன்னையே பாக்கச் சொல்லிப் பரக்கத்துகிட்ட சொன்னேன். ஒட்டாத மூச்சை மட்டும் குறிச்சுக் குடு, நான் சுரண்டி எடுத்துடறேன்." சுரண்டி. "என்னம்மா, லைன்ல இருக்கியா?" "இருக்கேண்ணே." "தொண்டை எப்படி இருக்கு?" "அப்படியேதாண்ணே இருக்கு." அவர் வெந்நீர் குடிக்கச் சொன்னார்.

அவள் ஹெட்ஃபோனை மறுபடி இழுத்துக்கொண்டாள். இடைவேளைக்குப் பிந்திய பாதி ஓடியது, கை நேரத்தைக் குறித்தது, அவள் எங்கே இருந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சுரண்டி எடுத்துடறேன். நேரமில்லாததால் மிஞ்சியவள். சாம்பார் வைத்த பாத்திரத்தில் அடியில் ஒட்டிக்கொண்டு நிற்பது மாதிரி, கழுவ நேரமில்லை, அடுத்த தடவை கழுவிக்கொள்ளலாம். அதைக் கழுவுவதற்கு அவளையே கூப்பிட்டிருக்கிறார். இருபது வருஷம். அவள் கோபப்பட முயன்றாள், கோபம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது, சற்றுமுன் சந்தோஷப்பட்டேனே, அந்த வெட்கம். சுங்குடியைக் கட்டிக்கொண்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு. தேஜல்மேல் ஒன்றும் இல்லை. அந்தப் பெண் பாட்டு வெளியீட்டு விழாவில் அவளைத் தேடிவந்து கையைப் பிடித்து ஏதோ இந்தியில் சொல்லி அழுதது. வளர்ந்தபின் தன் வாயில் தானே பேச ஆசைப்படுவது தப்பா? தயாரிப்பாளரை அவள் பார்த்ததுகூட இல்லை. பார்க்காதவன் என்ன துரோகம் செய்ய முடியும்? துரோகம் என்ற சொல் வந்ததும் பயமாக இருந்தது. அண்ணனுக்கா அந்தச் சொல்? கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாரே. அவர் மகள் கல்யாணத்துக்கு அவள்தானே சீர்த்தட்டு எடுத்தாள். அவரும் என்ன செய்வார், வயசாகிவிட்டது, டப்பிங் தியேட்டர் படுத்துவிட்டது, ஏதோ ஒரு வேலை வந்திருக்கிறது. எல்லோருக்கும் காரணம் இருந்தது. அவளாகவே ஒவ்வொருவருக்கும் காரணம் தேடிக்கொடுத்து, எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கடைசியில் தான் மட்டும் வாசலில் நிற்கிறாள்.

அப்போது அந்த இடம் வந்துவிட்டது. கேள்வித்தாள் திருடுகிறது வார்டன் இல்லை. பூர்ணிக்குப் பிடித்த, பூர்ணிக்கு மேப் வரையக் கற்றுக்கொடுத்த ஜியாகிரபி சார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவர் திரும்புகிறார், கையில் கேள்வித்தாள் கட்டு. பூர்ணி பார்க்கிறாள். படம் முழுக்கச் சிரித்த தியேட்டர் இங்கேதான் அடங்கியது. வசனம் இரண்டே சொல்: "நீங்களா சார்?" பத்தொன்பது டேக். கோபமாகச் சொன்னாள், அழுதுகொண்டு சொன்னாள், கிசுகிசுத்தாள், அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் மைக் வழியாகச் சொன்னார்: "கிருபா, இன்னும் அவரை நம்பிட்டே கேளு. இல்லன்னு சொல்லமாட்டாரான்னு கேளு." இருபதாவது டேக் ஓகே. இப்போது ஹெட்ஃபோனில் அந்த மூச்சு வந்தது, உள்ளே போய், பாதியில் மாட்டிக்கொண்டு நிற்கிற மூச்சு, அவளுடையது, அதில் இன்னும் நம்பிக்கை இருந்தது. பிறகு தேஜல் "நீங்களா சார்?" என்றாள். சுத்தமாக, அழகாக, அந்த மூச்சுக்குச் சம்பந்தமே இல்லாமல். ஒட்டவில்லை. யார் கேட்டாலும் தெரியும், பரக்கத் சாரின் பெண் கேட்டால்கூடத் தெரியும். கிருபாவதியின் உதடு அசைந்துவிட்டது, சத்தமில்லாமல், அந்த இரண்டு சொல்லுக்கு. சார் என்ற இடத்தில் வேறு சொல் வந்தது. கை 1:52:07 என்று எழுதியது.

படம் முடிந்ததும் இன்னும் ஒரு வேலை பாக்கி. ஸ்பெஷல் டிஸ்க் என்றால் நடித்தவர்களும் மற்றவர்களும் படத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிற ஒரு தனி டிராக் இருக்கும், அதையும் நாலைந்து இடத்தில் போட்டுக் கேட்கவேண்டும். அவள் நேராக இருபத்தாறாம் நிமிடத்துக்குப் போனாள். போகாமல் இருந்திருக்கலாம். தேஜல் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தாள்: "இந்த விக்கல் இருக்குல்ல, எல்லாரும் என்கிட்ட கேப்பாங்க. ஷூட்டிங்ல எனக்கு உண்மையாவே வந்துச்சு, இல்ல துரை சார்?" ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில் கிருபாவதி ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டாள். சொல்லுங்கண்ணே. பஜ்ஜி வாங்கிட்டு வந்தது நீங்கதானே. "ஆமா, ஆமா" என்றார் துரைக்கண்ணு. "மேடம் ஸ்பாட்ல பண்ணதுதான். நாங்க அப்படியே வெச்சுக்கிட்டோம்." பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் மேசையைத் தட்டிச் சிரிக்கிற சத்தம்கூடக் கேட்டது.

பன்னிரண்டு மணி ஆகியிருந்தது. ஷீட்டை முன்னால் இழுத்துவைத்துப் பார்த்தாள். நான்கு பக்கம், இடது பத்தி நிரம்பி வழிந்தது, வலது பத்தி வெள்ளையாக இருந்தது. எது குறை? அண்ணன் கேட்டது மூச்சு. மூச்சைக் குறை என்று எழுதினால் உடனே சுரண்டிவிடுவார், அவள் அந்தப் படத்தில் ஒரு இடத்திலும் இருக்கமாட்டாள். ஒன்றுமில்லை, எல்லாம் சரி என்று எழுதினால் மூச்சு இருக்கும், விக்கல் இருக்கும், தேஜலுடையதாக இருக்கும். வேலையும் இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள். பிறகு அவள் கையே வழிகாட்டியது, இவ்வளவு நேரம் அது எதைக் குறித்துக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் பார்த்தாள். ஒரு விக்கலின் நேரமும் அதில் இல்லை. இரைத்த இடம், முனகிய இடம், ஒன்றுகூட இல்லை. முதல் வரி தவிர எல்லாம் தேஜல் பேசத் தொடங்கிய நொடிகள். காது பொய் சொல்லவில்லை. 2:38ஐ மறுபடி ஓட்டிப் பார்த்தாள், கரும்பலகையில் அவள் பெயர் இல்லை. அவள் பேனாவை எடுத்தாள். 2:38, ஒரு பெயர் விடுபட்டுள்ளது: கிருபாவதி. 3:20, மூச்சு சரி, பேச்சு வேறு ஆள். 3:31, மூச்சு சரி, பேச்சு வேறு ஆள். கை வலிக்க வலிக்க, மேற்படி என்று ஓரிடத்திலும் போடாமல், ஒவ்வொன்றுக்கும் முழுசாக எழுதினாள். 1:52:07க்கு எதிரே மட்டும் எழுத்து கொஞ்சம் கோணிவிட்டது. எல்லாவற்றுக்கும் 'அ' போட்டாள். கீழே கையெழுத்திட்டாள்.

பரக்கத் சார் ஒன்று அடிக்க ஐந்து நிமிடத்துக்கு வந்தார். நின்றபடியே வாங்கி, புரட்டி, திரும்பவும் முதல் பக்கத்துக்கு வந்தார். "என்ன மேடம் இது? மூச்சு சரி, பேச்சு வேற ஆளா? பேசறது ஹீரோயினே தானே?" "எழுதினதைப் படிங்க சார்." "ரெண்டு மணிக்கு வண்டி வருது மேடம்." அவர் ஃபோனை எடுத்துத் துரைக்கண்ணுவை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்துவிட்டு, முதல் நாலு வரியை வாசித்துக் காட்டினார். அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமில்லை. டப்பிங் தியேட்டரில் டேக் முடிந்ததும் அண்ணன் இப்படித்தான் இருப்பார், ஓகேயா இல்லையா என்று சொல்லாமல். அவர் மூச்சுவிடுவது ஸ்பீக்கரில் கேட்டது. "கிருபா" என்றார் கடைசியில். "சொல்லுங்கண்ணே." "என்மேல கோபமா?" பரக்கத் சார் ஷீட்டில் அடுத்த பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார். கிருபாவதி சற்று முன்னால் நகர்ந்து, மைக்குக்கு விடுகிற ஒரு சாண் இடைவெளி விட்டு, கரகரத்த அந்தத் தொண்டையால் நிதானமாகச் சொன்னாள்.

"கோபமெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே."

விக்.

பரக்கத் சார் தலையைத் தூக்கி முதலில் டிவியைப் பார்த்தார். அது அணைந்திருந்தது. பிறகு அவளைப் பார்த்தார்.